கல்லின் எடை கழித்து

செம்பனை ஆலையில் லோரிகள் குலை கொட்டும் மேடையில்
பதினாறு வருஷமாகத் தரம் போடுகிறவள் நான்.
பத்துப் பழமாவது உதிர்ந்திருந்தால் பழுத்தது.
கறுத்துக் கெட்டியாக இருந்தால் காய்.
காம்பு நீண்டிருந்தால் அதற்கொரு கழிவு.
லோரிக்காரன் முறைப்பான்;
நான் பேனாவைப் பார்ப்பேன்.

அதனால் பகாவ் பட்டணத்தில்
லியோங் நகைக்கடைக் கண்ணாடி மேசைக்கு முன்
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபோது
எனக்குப் பயமில்லை.
போனஸ் காசு ஆயிரத்து எண்ணூறு ரிங்கிட்
கைப்பைக்குள், இரண்டு ரப்பர் வளையம் போட்டு.

தவுக்கேயின் மகள் சியூ ஹோங்
கறுப்புத் துணியில் மூன்று கற்களை உருட்டினாள்.
மலாயும் தமிழும் கலந்து சொன்னாள்:
நிறம் டி-யில் ஆரம்பமாம், இசட் வரை இறங்குமாம்.
"ஏ, பி, சி எங்கே போச்சு?" என்றேன்.
அவளுக்கும் தெரியவில்லை. சிரித்தோம்.

எடை, இருபது செண்ட்.
பேர்தான் சில்லறைக் காசு மாதிரி.
டன் கணக்கில் பேசிப் பழகியவள் நான்;
ஓர் உதிரிப் பழத்தின் எடைக்கு
இதுபோல் இருநூறு கல்லாவது நிற்கும்.

வெட்டுதான் முக்கியம் என்றாள்.
ஆழம் தப்பினால்
மேலே விழுந்த வெளிச்சம் அடியில் ஒழுகிவிடுமாம்,
ஓட்டை வாளித் தண்ணீர் மாதிரி.
பட்டை சரியாக விழுந்தால்
உள்ளே போனது திரும்பி நம் முகத்துக்கே வரும்.

விளக்கடியில் மூன்றும் ஒன்றுபோல் மினுங்கின.
எனக்கு விளக்கின்மேல்தான் சந்தேகம்.
ராத்திரி ஷிப்டில்
மஞ்சள் பல்புக்குக் கீழே காய்கூடப் பழமாகத் தெரியும்.
"வெளியே வச்சுப் பார்க்கலாமா?"
அவள் அப்பாவைப் பார்த்தாள்.
கணக்குப் புத்தகத்திலிருந்து தலை நிமிராமல்
தவுக்கே கதவுப் பொத்தானை அழுத்தினார்.

அஞ்சடியில் நின்றோம்.
மழைக்கு முந்திய வானம்.
எதிரே உரமூட்டை இறக்கும் லோரி, அதன் புகை.
முதல் கல் வெறும் கண்ணாடித் துண்டாகிவிட்டது.
இரண்டாவது நன்றாக இருந்தது,
விலையும் அதே அளவுக்கு.
மூன்றாவது,
தண்ணீரில் ஒரு சொட்டுத் தேநீர் கலந்த நிறம்.
மஞ்சள் தங்கத்தில் பதித்தால் தெரியாது என்று
உருப்பெருக்கியை என் கண்ணருகே பிடித்தாள்:
உள்ளே, ஓரத்தில், ஒரு கரும்புள்ளி.
"இதுக்கு விலையில கழிவு உண்டு."
கழிவு என்றதும்
அவள் எனக்குச் சொந்தக்காரி மாதிரி ஆகிவிட்டாள்.

அந்தப் புள்ளியையே பார்த்தேன்.
ஒருதரம் பஜாக் கடையிலிருந்து மீட்ட தோட்டைப்
போட்டுப் பார்த்துவிட்டு
இது என்னுடையதுதானா என்று
மூன்று ராத்திரி தூங்கவில்லை.
புள்ளி இருந்தால் அடையாளம் சொல்லலாம்.
அதை வாய்விட்டும் சொன்னேன்.

சியூ ஹோங் குரலைத் தாழ்த்தினாள்.
கதவு சாத்தியிருந்தது, தவுக்கேக்குக் கேட்காது.
"அக்கா, ஒண்ணு சொல்றேன்.
அங்க வைரத்துக்குக் காசில்ல.
கல்லோட எடையைக் கழிச்சிட்டு
தங்கத்துக்கு மட்டும்தான் தருவாங்க.
மூக்குத்தியில தங்கம் எவ்வளவு இருக்கும்?
ஒரு மாசக் கரண்டு பில்லுக்கே இழுத்துக்கும்."

நான் கல்லைத் திருப்பித் தரவில்லை.

சங்கிலி போனது சந்தானத்தின் மோட்டாருக்கு.
வளையல் இரண்டும் மகனின் பாலிடெக்னிக் கட்டணத்துக்கு.
தோடு, நாத்தனார் பிரசவத்துக்கு;
வந்தது; மறுபடி போனது.
யாரும் திருடவில்லை.
கேட்டார்கள், நானே கழற்றினேன்.
எங்கள் வீட்டில் தங்கம் என்றால்
காதில் தொங்கும் கைமாற்று.

இப்போது உள்ளங்கையில்
யாருடைய அவசரத்துக்கும் உதவாத ஒன்று,
இருபது செண்ட்.
நிறம், எடை, வெட்டு, தெளிவு என்று
அவள் விரல் மடக்கி எண்ணியதில்
கட்டைவிரல் சும்மா நின்றிருந்தது.
என்னுடையதை மடக்கிக்கொண்டேன்.

மழை பிடித்துவிட்டது. உள்ளே வந்தோம்.
மூன்றாவதையே பதிக்கச் சொல்லி
ரப்பர் வளையங்களைக் கழற்றினேன்.
"வேற ஏதாச்சும்?" என்று ரசீதைக் கிழித்தாள்.
திருகாணி இறுக்கமாக இருக்க வேண்டும் என்றேன்,
லேசில் கழற்ற வரக்கூடாது.